பிளேடின் தட்டைப் பக்கம்

அந்த வருஷம் மழை பெய்து முடிக்கவும் இல்லை, விட்டு ஒழியவும் இல்லை. காலையில் கொஞ்சம் வெளுக்கும், பத்து மணிக்கெல்லாம் மறுபடி மூட்டம் போட்டுக்கொள்ளும். எண்ணெய் தடவி நிறுத்தி வைத்த பலகைகளை மூன்று நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் பிசுபிசுத்தது.

வீட்டின் பின்புறம் தகரக்கூரை போட்ட கொட்டகைதான் அவளுடைய பட்டறை. தோட்டக்காரர்கள் காய்ப்பு நின்றுபோன பேரி மரத்தை வெட்டினால் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அறுத்து, இரண்டு வருஷம் அடுக்கி உலர்த்தி, இழைத்து, ஓரத்தை உருட்டி, காய்கறியும் கறியும் வெட்டுகிற பலகையாக்குவாள். பலகைக்காரி என்றால் சுற்றிலும் ஐந்தாறு தெருவுக்குத் தெரியும். அவளுடைய புருஷன் கறிக்கடைக்காரர். அவரை ரேடியோ என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும்.

கடை திறந்தால் வாய் திறக்கும்; கடை மூடினாலும் வாய் மூடாது. வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு ஒரு கன்னத்தில், பேச்சு ஒரு கன்னத்தில். வாடிக்கையாளர் ஒருவரின் மூட்டுவலியில் தொடங்கி, எதிர்க்கடைத் தராசில் நுழைந்து, பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்பி வருவார். "காதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போன நாட்கள் உண்டு. அப்போதும் அவர் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

நாக்கின் ஓரத்தில் ஒரு புண். மிளகு அளவுதான். ஆறாத புண் என்று தெரிந்தபோது அது வேலையை முடித்திருந்தது. நாக்கில் மூன்றில் ஒரு பங்கையும், கீழ்த்தாடையில் ஒரு துண்டு எலும்பையும், அதிலிருந்த ஆறு பற்களையும் எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். வீட்டுக்கு வந்த மனிதருக்குக் கறியை மெல்ல முடியாது. பேசினால் காற்றும் எச்சிலும்தான் முன்னால் வந்தன. சொல் பின்னால் எங்கோ தடுக்கி விழுந்தது.

முதல் வாரம் பேசத்தான் செய்தார். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு தாளில் நாற்பது சொற்களை எழுதி, தினமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், வீட்டில் எல்லோரிடமும் பேசுங்கள் என்று சொல்லியிருந்தாள். இவளும் காது கொடுத்தாள். ஆனால் பாதிக்கு மேல் விளங்கவில்லை. புரியவில்லை என்று ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்து எத்தனை தடவை சொல்வது? அதுவும் ரேடியோவிடம்? "சரிங்க, சரி சரி" என்று தலையாட்டுவாள். ஒருநாள் ஏதோ கேட்டார். குளிர்கிறது என்கிறார் போல என்று நினைத்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அவர் கொஞ்ச நேரம் சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். தலையை ஆட்டுவார், கையைக் காட்டுவார், அவ்வளவுதான். வேறு ஊரிலிருந்து மகள் போன் செய்தால் போனை இவளிடமே தள்ளிவிடுவார். வலி இருக்கும், தானாகச் சரியாகும் என்று இவள் எல்லோரிடமும் சொன்னாள். தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாடு இன்னொரு பாடு. மெத்தென்று இருக்க வேண்டும், சத்தும் இருக்க வேண்டும், கறியை அரைத்துக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அரைத்த கறி என்றால் அவருக்கு ஆகாது. "அரைச்ச கறி கடைக்காரனோட மனசாட்சி மாதிரி, உள்ள என்ன கிடக்குன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்" என்று கடையில் வெளிப்படையாகச் சொல்லக்கூடியவர். வேண்டுமென்றால் முழுத்துண்டாக வாங்கிப்போய் வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களை அனுப்பியவர். அதனால் இவளும் கடையில் அரைத்ததை வாங்காமல், கையால் சுற்றுகிற மெஷின் ஒன்றை வாங்கி வந்து சமையலறை மேஜை விளிம்பில் திருகி மாட்டினாள்.

மரம் அவளுக்கு அத்துப்படி, இரும்பு அப்படியில்லை. உள்ளே போகிற திருகு, அதன் நுனியில் நாலு இறக்கை பிளேடு, அதற்கு முன்னால் துளைத்தட்டு, எல்லாவற்றையும் இறுக்குகிற வளையம். ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினாள். தன் கையால் செய்த பலகையில் கறியைத் துண்டு போட்டு மெஷினின் வாயில் திணித்துச் சுற்றினாள். மெஷின் முனகியது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. துளைகள் வழியாக வெளுத்துப்போன கூழ் ஒன்று கசிந்து வந்தது. சவ்வெல்லாம் பிளேடில் சுற்றிக்கொள்ள, நாலு சுற்றுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. இருபது வருஷமாக இழைப்புளி தள்ளிய கை அது. அந்தக் கையே சாயங்காலம் மரத்துப்போகும். கறி அரைப்பது என்றால் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டாள்.

வெங்காயத்தை வதக்கி, கறியைப் போட்டு, மசித்த உருளைக்கிழங்கோடு கொண்டுபோய் வைப்பாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உதட்டின் ஒரு ஓரத்தில் உணர்ச்சி இல்லை. சாப்பிட்டது வழிவது அவருக்கே தெரியாது. அதை யாரும் பார்க்கக்கூடாது. யாரும் என்றால் அவளும்தான். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து தானே தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். இவள் மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். முதல் சில நாள் எதிரில் இருந்த நாற்காலியைப் பார்த்தபடி. அப்புறம் கொட்டகைக்குக் கொண்டுபோய் நின்றபடியே. கடிகாரம் நகரும் சத்தம் கேட்கிற வீடு அது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் மாதம் எடை பார்த்த நர்ஸ், முள்ளைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். எழுபத்தொன்று இருந்த ஆள் ஐம்பத்தெட்டு.

"வீட்ல சாப்பிடறாரா?"

"தட்டு காலியாத்தாங்க வருது."

"அடுத்த தடவை இதுக்குக் கீழ போச்சுன்னா வயித்துல டியூப் போட்டுத்தான் குடுக்கணும். பாத்துக்கங்க."

பக்கத்தில் நின்ற அவர் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தட்டு எப்படிக் காலியானது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஒரு சமையல் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு பலகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையில் சேர்ந்த மரச்சீவலைக் கொட்டுவதற்காக மூலையில் கிடந்த சாக்கை இழுத்தாள். எறும்பு வரிசை அவள் கைமேல் ஏறியது. சாக்குக்குள் கையை விட்டாள். மேலாகச் சுருள் சுருளாகப் புதுச் சீவல். அதற்கடியில் காகிதத்தில் பொட்டலம் பொட்டலமாகக் கறிக்கூழ். சில பொட்டலம் புதுசு, சில பழசு. அழுகல் நாற்றத்தைப் பேரி மரத்தின் வாசம் இத்தனை நாளாக மூடி வைத்திருந்திருக்கிறது.

சாக்கை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு வந்து, ஒரு பலகையை எடுத்து, ஏற்கெனவே வழவழப்பாக இருந்ததை உப்புத்தாள் கொண்டு மறுபடி தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கடைக்கு வார விடுமுறை. கடையை இப்போது பார்த்துக்கொள்வது அவளுடைய தம்பி. திங்கட்கிழமைதோறும் ஒரு பையில் கறியோடு வருவான். வாசலில் குடையை உதறும்போதே பேசத் தொடங்கிவிட்டான்.

"அக்கா, நல்ல சப்பைக் கறி. கொழுப்பு கொஞ்சம் விட்டிருக்கேன். மாமா எங்க?"

"உள்ள."

"எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

அவள் மெஷினை மாட்டினாள். தம்பி மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கடைக்கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் நாலு சுற்று சுற்றியதும் பேச்சை நிறுத்தினான்.

"என்னக்கா இது, மெஷின் அழுவுது?"

"எப்பவும் இப்படித்தான்."

"நிறுத்து, நிறுத்து." வளையத்தைக் கழற்றித் துளைத்தட்டை எடுத்தவன், பிளேடைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். "இதை யாரு மாட்டுனது?"

"நான்தான். ஏன்?"

"திருப்பி மாட்டியிருக்கக்கா. இந்தா பாரு, இந்தத் தட்டையான பக்கம் இருக்குல்ல, வெட்டுற முனை இதுலதான். இது துளைத்தட்டைப் பாத்துல்ல இருக்கணும்? நீ வளைஞ்ச பக்கத்தை முன்னால வச்சிருக்க. இது வெட்டாது. நசுக்கும். இத்தனை நாளா கறிய அரைக்கல நீ, துணி மாதிரி பிழிஞ்சிருக்க."

"மூணு மாசமா?"

"மாமா சொல்லலையா?" அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். "ஒரு கரண்டி வாயில வச்சாலே அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். ஒரு விசேஷ வீட்டுல நான் ஒருதடவை இப்படி மாட்டிட்டேன், மனுஷன் ரோட்டுல நின்னு பேசிட்டிருந்தவரு அங்கேருந்தே கத்துனாரு."

அவள் ஈரக் கையைத் துடைத்தாள். "நீ கிளம்பு" என்றாள்.

"அக்கா..."

"கிளம்புன்னேன்ல. அடுத்த வாரம் வா."

அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான். அவள் பிளேடைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் தள்ளினாள். அங்கே அவர் இல்லை. கொட்டகையில் இருந்தார். சாக்கு இருந்த மூலை காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இன்னொரு பொட்டலம்.

"அதை வெளிய போட்டாச்சு" என்றாள். "எறும்பு சொல்லுச்சு எங்கிட்ட. நீங்க சொல்லல, எறும்பு சொல்லுச்சு."

அவர் பொட்டலத்தைப் பின்னால் மறைக்கப் பார்த்து, பிறகு அதுவும் அர்த்தமில்லாததாகப் பட்டதோ என்னவோ, பட்டறை மேஜைமேல் வைத்தார்.

"இது என்ன? பாருங்க. பிளேடு. தலைகீழா மாட்டியிருக்கேன், மூணு மாசமா. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் பிளேடைப் பார்த்தார். தலையை மட்டும் மெல்ல அசைத்தார். தெரியும்.

"எப்பத்திலேருந்து?"

ஒரு விரலைக் காட்டினார். முதல் நாளிலிருந்து.

"முதல் நாள்லேருந்து தெரியும்." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "என் தோள்பட்டை கழண்டு போச்சு. ராத்திரி புரண்டு படுக்க முடியல. நான் கூழைப் பிழிஞ்சு குடுக்க, நீங்க அதைச் சீவலுக்குள்ள புதைக்க... பதிமூணு கிலோ போச்சு. டியூப் போடணும்னு நர்ஸ் சொன்னா, நீங்க செருப்பைப் பாத்துட்டு நின்னீங்க. ஒரு வார்த்தைங்க! பிளேடைத் திருப்புன்னு ஒரு வார்த்தை! வாய் வரல, சரி. கையால காட்டியிருக்கலாம்ல? நான் என்ன தெருவுல போறவளா? இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா பேசறதுக்கு? பொம்மையோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு எனக்கு!"

மழை தகரத்தில் சடசடத்தது. அவர் வாய் அசைந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தம், நடுவில் இரண்டு மூன்று சொல் இருக்கலாம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகையோடு, பழக்கத்தில், "சரி சரி" என்றாள்.

அவர் கையை ஓங்கி மேஜையில் அடித்தார். உளிகள் குதித்தன. இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத கோபம். சுற்றுமுற்றும் பார்த்து, தச்சுப் பென்சிலைத் தேடி எடுத்து, கைக்கு எட்டிய முதல் பலகையை இழுத்துப்போட்டு, அதன்மேல் எழுதினார். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது; மிச்சத்தை ஒடிந்த முனையாலேயே கீறினார். எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

'நீ சாப்பிட்டியான்னு கேட்டேன். சரி சரின்னு ஜன்னலை மூடின.'

அவள் படித்தாள். எந்த ஜன்னல் என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பலகையைத் திரும்ப இழுத்தார். இரண்டாவது வரியை நிதானமாக எழுதினார்.

'புரியாமலே தலையாட்டின. தினமும். அப்புறம் எதுக்குப் பேசணும்.'

"எனக்கு... நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்" என்றாள். "மறுபடி மறுபடி கேட்டா உங்க மனசு நோகும்னு."

அவர் இல்லை என்று தலையசைத்தார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வாயைக் காட்டினார். கையை விரித்தார். அதில் என்ன சொன்னார் என்று அவளுக்கு முழுதாகத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கத் துணிவும் இல்லை.

"புரியலைங்க" என்றாள்.

அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது. பெருமூச்சு விட்டு, பிளேடை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அவள் பின்னாலேயே போனாள். அவர் அவள் துண்டு போட்டு வைத்திருந்த கறியைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். கத்தியின் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். இன்னும் அதிகமாகச் சுழித்தார். தீட்டினார். கறியின் மேலிருந்த வெள்ளைச் சவ்வுக்கு அடியில் கத்தியை நுழைத்து ஒரே இழுப்பில் உரித்தார். நரம்பைத் தனியாக, கொழுப்பைத் தனியாக ஒதுக்கினார். மிச்சத்தை நீளவாக்கில் விரல் தடிமனுக்கு அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பலகையில் பரப்பி, ஃப்ரீசரைக் காட்டினார். மெஷினின் இரும்பையும் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார். அரை மணி நேரம் என்று கடிகாரத்தில் காட்டினார். அந்த அரை மணி நேரமும் இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய சட்டைக் கழுத்து எவ்வளவு தொளதொளத்துப் போயிருக்கிறது என்று அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கறி விறைத்து, விளிம்பில் லேசாக உறைபனி கண்டதும் எடுத்தார். பிளேடின் தட்டைப் பக்கம் துளைத்தட்டை ஒட்டி இருக்கும்படி மாட்டி, அவளைச் சுற்றச் சொன்னார். கைப்பிடி தண்ணீரில் துடுப்புப் போல் போனது. துளைகளிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இழை இழையாக விழுந்தது.

"அட" என்றாள்.

அன்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் தன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். உதட்டோரம் வழிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அவள் தன் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் துடைத்துக்கொண்டார். நாலாவது வாயில் நிறுத்தி ஏதோ சொன்னார்.

"புரியல. மறுபடி சொல்லுங்க."

சொன்னார்.

"கறியா?"

இல்லை.

"தண்ணியா? வேகலையா? சூடா இருக்கா?"

இல்லை, இல்லை, இல்லை. ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, அவர் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு முக்கிச் சொன்னபோது அவளுக்குப் பிடிபட்டது.

"உப்பா? உப்பு பத்தலையா?"

அவர் மேஜையைத் தட்டி, ஆமாம் ஆமாம் என்றார்.

"அடப்பாவி மனுஷா, உப்புக்கா இந்தப் பாடு?" என்று சொல்லிச் சிரித்தவள், உப்பை எடுக்கப் போகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. அடுத்த எடையில் இன்னும் அரைக்கிலோ குறைந்திருந்தது. இரண்டு வாரம் பொறுக்கலாம் என்று நர்ஸ் தயவு பண்ணினாள். அதற்கடுத்த முறை முள் அதே இடத்தில் நின்றது. பிறகுதான் மெல்ல ஏறியது. சமையல் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு பலகை போனது. எழுதிய பலகைக்குப் பதில் வேறொன்று செய்து பிறகு அனுப்பினாள். அவர் கடைக்குப் போகவில்லை. தாளில் இருந்த நாற்பது சொல்லையும் காலையில் கொட்டகையில் அவள் இழைக்கும்போது எதிரில் உட்கார்ந்து சொல்வார். அதில் பன்னிரண்டு சொல் அவளுக்குப் பிடிபடும். மற்றதெல்லாம் புரியலைங்க, புரியலைங்க. சில நாள் இரண்டு பேருக்கும் அலுத்துப்போய் அவரவர் மூலையில் இருந்துகொள்வார்கள். பழைய குரல் ஒன்று அவள் காதில் இன்னும் இருந்தது. அது வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சில சமயம் இழைப்புளியை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள்.

தம்பிக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பையோடு வந்தான். மாமா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பையை வாங்கி, கறியைத் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார்.

தம்பிக்கு வேர்த்தது. அவர் பேசி அவன் கேட்டு எத்தனையோ மாதம். "ஆமா மாமா" என்றான் அவசரமாக. "ஆமா, ஆமா."

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "என்ன ஆமா? புரிஞ்சுதா உனக்கு?"

அவன் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "இல்லக்கா."

"அப்ப புரியலைன்னு அவர்கிட்ட சொல்லு."

"மாமா," அவன் மாமா பக்கம் திரும்பினான். "புரியல மாமா."

அவர் மறுபடி சொன்னார். அவன் குனிந்து காதைக் கொடுத்தான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. வாசலைக் காட்டினார், வெயிலைக் காட்டினார், பையைக் காட்டினார்.

"வெயில்ல... கறிய வெயில்லயா? கறிய வெயில்ல தூக்கிட்டு வராதேன்னா?"

அவர் தொடையில் ஓங்கித் தட்டினார். ஆமாடா!

"ஆறு மாசம் கழிச்சு வாயத் தொறந்தா எடுத்த எடுப்புல திட்டா மாமா?"

அவர் நிறுத்தவில்லை. அடுத்ததைத் தொடங்கிவிட்டார், பையைப் பற்றியோ, கத்தியைப் பற்றியோ, கடையைப் பற்றியோ. அவன் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு மிக நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்து, "புரியல மாமா, மறுபடி சொல்லுங்க" என்றான். மத்தியானம் வரை வாங்கிக் கட்டிக்கொண்டான். எழுந்து போகிற எண்ணமே அவனுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை.